மல்லிகாவுக்கு: உன் முகம் வேறு, என் முகம் வேறு

கும்பகோணம்,
ஞாயிறு காலை

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் நேற்று வந்தது. அதற்கு முன்பே நீ போனில் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டேன். மூக்கின் இரண்டு பக்கமும் தோல் உரிந்து, கன்னம் கன்றிப்போய் இருந்ததைப் பார்த்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. தை மாதம் கவிதா கல்யாணத்துக்கு வந்திருந்தபோது என் அலமாரியில் இருந்த டியூப்களை நீ வரிசையாகப் படம் எடுத்தாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். அதே பொருள்களை வாங்கி நீயும் பூசியிருக்கிறாய். முப்பது வருஷம் மெடிக்கல் ஷாப்பில் நின்று மருந்து கொடுத்தவள், "இதெல்லாம் என் முகத்துக்கு, உனக்கு ஆகாது" என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கல்யாண அவசரத்தில் விட்டுவிட்டேன். மன்னித்துக்கொள்.

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சுருக்கத்துக்குப் பூசும் ரெட்டினால், தோலின் மேல்படலத்தை உரிக்கும் கிளைக்காலிக் ஆசிட், வைட்டமின் சி சீரம் மூன்றையும் இன்றே எடுத்து உள்ளே வை. அந்த நுரை பொங்கும் ஃபேஸ்வாஷும் வேண்டாம். மூன்று வாரத்துக்கு நுரைக்காத மென்மையான கிளென்சர், கெட்டியான மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன், அவ்வளவுதான். ராத்திரி எரிச்சல் உள்ள இடத்தில் வெறும் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிசாகத் தடவு. விலை குறைவு என்று அலட்சியமாக நினைக்காதே, தோலில் இருந்து ஈரம் ஆவியாகிப் போவதைத் தடுப்பதில் அதற்கு இணையாக வேறு எதுவும் கிடையாது. வீக்கமோ நீர்க்கசிவோ வந்தால், அல்லது ஒரு வாரத்தில் எரிச்சல் குறையாவிட்டால், என் கடிதத்தை நம்பிக்கொண்டு இருக்காமல் தோல் டாக்டரைப் பார்.

சரி, ஒரே பொருள் எனக்கு ஒத்துக்கொண்டு உனக்கு ஏன் ஒத்துக்கொள்ளவில்லை? திருச்சி ஹாஸ்டலை நினைத்துப் பார். என் தலையணை உறை நாலு நாளில் எண்ணெய்க் கறை ஆகிவிடும். பரீட்சை ஹாலுக்குள் போவதற்கு முன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே நிற்பேன். நீயோ மார்கழி வந்தால் முழங்காலில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு உட்கார்ந்திருப்பாய். அந்த இரண்டு தோலுக்கும் இப்போது ஐம்பத்தேழு வயது. நான் காவிரிக்கரையின் புழுக்கத்தில் இருக்கிறேன், நீ 1850 மீட்டர் உயரத்தில், காற்றில் ஈரம் குறைந்தால் உதடு வெடிக்கும் குன்னூரில் இருக்கிறாய். என் ஜெல் மாய்ஸ்சரைசர் உன் முகத்தில் நின்றே இருக்காது.

இன்னொன்றும் உண்டு. கல்லூரி நாளில் இருந்த தோல் வகை நம் இருவருக்குமே இப்போது அப்படியே இல்லை. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து வருஷத்திலேயே தோலை உறுதியாக வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடுகிறது. எண்ணெய்ச் சுரப்பும் தளர்ந்துவிடும். எனக்கே இப்போது கன்னம் இழுக்கிறது, நெற்றியும் மூக்கும்தான் பழையபடி மினுமினுக்கின்றன. அதனால் புண் ஆறிய பிறகு, ஒரு விடுமுறை நாளில் முகத்தை மென்மையாகக் கழுவி, எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் விட்டுப் பார். எல்லா இடமும் இழுத்தால் வறண்ட சருமம். மெல்லிய காகிதத்தை ஒற்றும்போது முகமெல்லாம் எண்ணெய் ஒட்டினால் எண்ணெய்ச் சருமம். நெற்றி, மூக்கில் மட்டும் ஒட்டினால் என்னைப் போலக் கலப்பு. எது பட்டாலும் எரிந்தால் அது தனி விஷயம், அப்போது வாசனை போட்ட எதையும் கிட்டவே சேர்க்கக் கூடாது. உனக்கு என்ன வரும் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் நீயே பார்த்துச் சொல்.

அப்புறம், காலையில் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் சோப்புப் போட்டு முகம் கழுவுகிறாய் என்று எழுதியிருந்தாய். குன்னூர்க் குளிருக்கு அது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, பி.எச். ஐந்தை ஒட்டி இருக்கும். சாதாரணக் குளியல் சோப்பின் பி.எச். ஒன்பது, பத்து. தினம் இரண்டு வேளை அதைப் போட்டு, மேலே ஆசிட் சீரமும் ரெட்டினாலும் ஒரே வாரத்தில் ஏற்றினால் தோல் தாங்குமா? வெதுவெதுப்பான தண்ணீர் போதும். துடைத்து ஈரம் முழுசாகக் காய்வதற்குள் கிரீமைத் தடவிவிடு. டியூபில் கிளிசரின், செராமைடு என்று போட்டிருக்கிறதா என்று பார். ஹயலூரானிக் ஆசிட் மட்டும் தனியாக வேண்டாம். அது ஈரத்தைப் பிடித்து வைக்கும், ஆனால் உங்கள் ஊர் வறண்ட காற்றில் மேலே ஒரு கிரீம் மூடி போட்டால்தான் பிரயோஜனம்.

இப்போது முக்கியமான விஷயம். கல்யாணத்தில் உனக்குப் பூ வைத்தபோது கவனித்தேன், உன் இடது கன்னத்தில்தான் கரும்புள்ளிகள் அதிகம். வலது பக்கம் அவ்வளவு இல்லை. ஸ்டாஃப் ரூமில் உன் நாற்காலி எங்கே இருக்கிறது? ஜன்னலுக்கு வலப்பக்கம், இருபத்தைந்து வருஷமாக அதே இடம் என்று நீதான் பெருமையாகச் சொல்வாய். கண்ணாடி மூடித்தானே இருக்கிறது என்பாய். சூரியனில் இருந்து வரும் புற ஊதாக் கதிரில் யு.வி.பி. என்பதைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும், ஆனால் யு.வி.ஏ. உள்ளே வந்துவிடும். தோலின் ஆழம் வரை போய்க் கொலாஜனைக் கெடுப்பது அதுதான். 2012இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு அமெரிக்கரின் படம் வந்தது. 69 வயது, 28 வருஷம் டிரக் ஓட்டியவர். ஜன்னல் பக்கம் இருந்த இடது முகம் மட்டும் தடித்து, ஆழமாகச் சுருங்கித் தொங்கியது. வலது பக்கம் பத்து, பதினைந்து வயது குறைந்தவரைப் போல இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் நான் காரிலும் பஸ்ஸிலும் போகும்போதுகூட சன்ஸ்கிரீன் போட ஆரம்பித்தேன்.

அதோடு மலையில் ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏற ஏற புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். குளிருகிறது, மஞ்சு மூடியிருக்கிறது என்று நீ நினைக்கிறாய், கதிர் அதையும் தாண்டி வந்துவிடும். சுருக்கத்துக்கு எந்தச் சீரம் நல்லது என்று கேட்டாயே, என் பதில் சன்ஸ்கிரீன்தான். இது நானாகச் சொல்வது இல்லை. ஆஸ்திரேலியாவில் நம்பூர் என்று ஒரு ஊர். அங்கே 903 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து நாலரை வருஷம் பார்த்தார்கள். ஒரு குழு தினமும் சன்ஸ்கிரீன் பூசியது, மற்றவர்கள் அவரவர் விருப்பப்படி. புறங்கையில் அச்செடுத்துப் பார்த்ததில், தினமும் பூசியவர்களுக்குத் தோல் முதுமை 24 சதவீதம் குறைவு. 2013இல் அந்த முடிவு வெளிவந்தது. விலை உயர்ந்த எந்தச் சீரத்துக்கும் இவ்வளவு பேரை வைத்து இவ்வளவு காலம் பார்த்ததாக நான் படித்ததில்லை.

வாங்கும்போது எஸ்.பி.எஃப். 30 அல்லது 50 பார். 30 என்பது யு.வி.பி.யில் 97 சதவீதம் தடுக்கும், 50 என்பது 98. பெரிய வித்தியாசம் இல்லை, அதனால் 100 என்று போட்டதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதே. யு.வி.ஏ.வுக்கு பி.ஏ. என்று போட்டு பிளஸ் குறிகள் இருக்கும், குறைந்தது மூன்று பிளஸ் இருக்க வேண்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் நீளமாகப் பிழிந்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியான அளவு. நம் ஆட்கள் பொட்டு வைப்பது போல அஞ்சு புள்ளி வைத்துத் தேய்த்துவிட்டுப் பலன் இல்லை என்கிறார்கள். உனக்குக் கிரீம் வடிவத்தில் உள்ளது சரிப்படும். லேசாக நிறம் சேர்த்தது கிடைத்தால் அதையே வாங்கு. அதில் உள்ள அயர்ன் ஆக்ஸைடு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் தடுக்கும். நம் மாதிரி மாநிறத் தோலில் கரும்புள்ளியும் மங்கும் கூடுவதற்கு அந்த வெளிச்சமும் காரணம். நமக்கு வயது சுருக்கத்தில் தெரிவதற்கு முன்னால் நிறத்திட்டில்தான் தெரிகிறது. வெளுத்த தோல்காரர்களுக்கென்று எழுதிய விளம்பரத்தைப் பார்த்து நாம் வாங்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

ரெட்டினாலை முழுசாக விட்டுவிட வேண்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம், அது நல்ல மருந்து. அதன் மூத்த அக்கா டிரெட்டினோயின். எங்கள் கடையில் பருவுக்கு விற்போம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் கிளிக்மன் என்ற தோல் மருத்துவர் பருவுக்குத்தான் அதைக் கொடுத்தார். நடுத்தர வயதுப் பெண்கள் சிலர் தோல் வழவழப்பாகி இருக்கிறது, சுருக்கமும் குறைந்திருக்கிறது என்று வந்து சொன்ன பிறகுதான் அந்தக் கோணத்தில் ஆராய்ந்தார். 1980களில் அது உறுதியானது. ரெட்டினால் தோலுக்குள் போய்ப் படிப்படியாக அதே டிரெட்டினோயினாக மாறுகிறது, அதனால் வீரியம் குறைவு, பொறுமை அதிகம் வேண்டும். உன் முகம் நன்றாக ஆறி ஒரு மாதம் ஆன பிறகு தொடங்கு. ஜெல் வேண்டாம், கிரீமில் உள்ள குறைந்த அளவு போதும். காதின் பின்னால் சில நாள் பூசிப் பார்த்துவிட்டு, வாரம் ஒரே ஒரு ராத்திரி, முதலில் மாய்ஸ்சரைசர், அதன் மேல் பட்டாணி அளவு ரெட்டினால், மறுபடி மாய்ஸ்சரைசர். மூன்று மாதம் ஆகாமல் எதையும் முடிவு செய்யாதே. கிளைக்காலிக் உனக்கு வேண்டவே வேண்டாம். வைட்டமின் சி வேண்டுமானால் பிறகு பார்க்கலாம், பழுப்பு நிறமாகிவிட்ட சீரத்தை மட்டும் பூசாதே. நியாசினமைடு என்ற வைட்டமின் பி3 உனக்கும் ஒத்துக்கொள்ளும், எனக்கும் ஒத்துக்கொண்டது.

ரெட்டினால் தாங்கவே இல்லை என்றால் பாக்குச்சியால் என்று ஒன்று உண்டு. அது எதிலிருந்து வருகிறது தெரியுமா? நம் கார்போக அரிசி! உங்கள் அம்மா நலுங்கு மாவில் சேர்ப்பார்களே, அதேதான். 44 பேரை வைத்து 12 வாரம் ரெட்டினாலோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், சுருக்கத்திலும் நிறத்திட்டிலும் இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன், எரிச்சலும் உரிதலும் ரெட்டினால் பூசியவர்களுக்குத்தான் அதிகம். படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஆனால் ஒரு எச்சரிக்கை. கார்போக அரிசியை நீயே அரைத்து முகத்தில் பூசிவிடாதே. அதில் சோராலென் என்ற பொருளும் இருக்கிறது, அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் புண்ணாகிவிடும். வெண்புள்ளிக்கு வெயிலோடு சேர்த்து அதைப் பயன்படுத்துவதே இந்தக் குணத்துக்காகத்தான். பிரித்தெடுத்துச் சுத்தம் செய்த பாக்குச்சியாலில் அந்தச் சிக்கல் இல்லை. எலுமிச்சம்பழச் சாறும் வேண்டாம்.

கடைசியாக உன் நாத்தனார் கொடுத்த கிரீம். பெயர் மட்டும் போட்டு, என்ன சேர்த்திருக்கிறது என்று எழுதாத டப்பி என்றால் குப்பையில் போடு. 2023இல் கேரளத்து மலப்புரத்தில் சிவப்பழகு கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதைக் கண்டுபிடித்தார்கள், காரணம் அதில் இருந்த பாதரசம். டப்பி இல்லை, மெடிக்கலில் வாங்கிய டியூப்தான் என்றால் பின்னால் திருப்பிப் படி. மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு.

இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன், மல்லிகா. நான் வேலை பார்த்த கடையில் ஸ்டீராய்டும் சேர்த்து மூன்று மருந்து கலந்த அந்த மங்கு கிரீமைச் சீட்டு இல்லாமலே கொடுப்போம். அதன் மூலக் கலவையும் அதே கிளிக்மன் 1975இல் சொன்னதுதான், டாக்டர் கண்காணிப்பில் சில வாரத்துக்கு மட்டும். எங்கள் கடைக்கு ஒரு கல்லூரிப் பெண் மாதாமாதம் வருவாள். முகம் பளிச்சென்று ஆகிறது அக்கா என்பாள். ஒரு வருஷம் கழித்து வந்தபோது கன்னத்தில் சின்னச் சின்ன ரத்தநாளம் தெரிந்தது, மெல்லிய முடி வளர்ந்திருந்தது, வெயிலில் நின்றால் நெருப்பாக எரிகிறது என்று அழுதாள். நிறுத்தினால் இன்னும் மோசமாகிறது என்றும் சொன்னாள். அந்த டியூபை அவள் கையில் கொடுத்தது நான். 2018இல் அரசாங்கம் பல ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தபோது முதலில் நினைவுக்கு வந்தது அவள் முகம்தான். உன் படத்தைப் பார்த்தபோதும் அவள்தான் நினைவுக்கு வந்தாள். அதனால்தான் கடிதம் இவ்வளவு நீளமாகிவிட்டது.

இங்கே எல்லாரும் சௌக்கியம். இவருக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது பேப்பரைத் தானே படிக்கிறார். கவிதா மாப்பிள்ளையோடு புனேக்குப் போய்விட்டாள், வீடு வெறிச்சென்று இருக்கிறது. அண்ணனுக்கு முட்டி வலி குறைந்ததா? இங்கே ஒரு தைலம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், அவருக்கு ஒத்துக்கொள்ளுமா என்று விசாரிக்காமல் அனுப்ப மாட்டேன்.

மூன்று வாரம் கழித்து, ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் முகத்தில் எதுவும் பூசாமல் ஒரு படம் எடுத்து அனுப்பு. இரண்டு கன்னமும் தெரிய வேண்டும். ஸ்டாஃப் ரூம் நாற்காலியை இந்த வாரமே மாற்றிப் போடச் சொல். ஆடியில் வருவதாக இருந்தால் முன்கூட்டியே எழுது, வரும்போது ஊட்டி வர்க்கி மறக்காதே.

உன் அன்பு,
விஜயா