ஆசிரியர் சம்பளம் என்று மொத்தமாகப் பேசாதீர்கள்

ஜூன் 2025

மதிப்பிற்குரிய நாளிதழ் ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளி ஆசிரியர்களின் சம்பளக் கோரிக்கைகளைப் பற்றி உங்கள் நாளிதழில் வாசகர் கடிதங்கள் தொடர்ந்து வருகின்றன. "கை நிறைய வாங்குகிறவர்களுக்கு இன்னும் எதற்கு?" என்று ஒருவர் கேட்டிருந்தார். "போராடுகிறவர்களை வீட்டுக்கு அனுப்புங்கள், வேலையில்லாப் பட்டதாரிகள் எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள்" என்று இன்னொருவர் எழுதியிருந்தார். இரண்டையும் படித்தபின் சும்மா இருக்க முடியவில்லை.

நான் ஆசிரியை இல்லை. எங்கள் குடும்பத்திலும் யாரும் ஆசிரியர் இல்லை. தொண்டிப் பக்கம் கடலோர ஊர் ஒன்றில் இருக்கிறோம். வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். மகள் உள்ளூர் நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் 2022-லிருந்து உறுப்பினராக இருந்து, இப்போது தலைவியாக இருக்கிறேன். அதனால் யார் என்ன வேலை செய்கிறார், அதற்கு என்ன வாங்குகிறார் என்பதெல்லாம் என் கண் முன்னால் நடக்கிறது.

எங்கள் பள்ளியில், தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் இடைநிலை ஆசிரியர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் 2007-ல் பணியில் சேர்ந்தவர். மற்றவர் 2012-ல் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதித் தேறி வந்தவர். ஒருவர் விடுப்பு எடுத்தால் மற்றவர் இரண்டு வகுப்புப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைத்துப் பாடம் நடத்துவார். வேலையில் எந்த வித்தியாசமும் இல்லை. ஆனால் ஆறாவது ஊதியக் குழுவின்போது, 2009 மே 31 வரை சேர்ந்தவர்களுக்கு அடிப்படைச் சம்பளம் 8,370 ரூபாய் என்றும், ஜூன் 1 முதல் சேர்ந்தவர்களுக்கு 5,200 ரூபாய் என்றும் வைத்துவிட்டார்கள். 3,170 ரூபாய்தானே என்று தோன்றலாம். அகவிலைப்படி அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. அடுத்த ஊதியக் குழு வந்தபோதும் அதே அடிப்படையைத்தான் பெருக்கினார்கள். அதனால் வித்தியாசம் வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே போகிறது. இப்படிப் பாதிக்கப்பட்டவர்கள் மாநிலம் முழுக்க ஏறக்குறைய 20,000 பேர். 2018 டிசம்பரில் சென்னையில் பள்ளிக் கல்வித் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.பி.ஐ. வளாகத்தில் பட்டினி கிடந்தார்கள். 2022 டிசம்பரில் மறுபடியும் கிடந்தார்கள். 2023 ஜனவரி 1 அன்று, மூன்று பேர் குழு அமைத்து ஆராய்வோம் என்று முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். தி.மு.க.வின் 2021 தேர்தல் வாக்குறுதி எண் 311-ம் இதுதான். 2025 வரை சம்பளம் சமமாகவில்லை.

அவர்களாவது நிரந்தரப் பணியில் இருக்கிறார்கள். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது எங்கள் தையல் டீச்சரைப் பற்றி.

அவர் பகுதிநேர ஆசிரியை. ஓவியம், தையல், இசை, உடற்கல்வி, கணினி என்று சிறப்புப் பாடங்களுக்காக 16,549 பேரை எடுக்க 2011-ல் அரசு ஆணை போட்டது. அந்த ஆணைப்படி 2012-ல் வேலைக்கு வந்தவர். தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். 2014-ல் 7,000 ஆனது, 2017-ல் 7,700, 2021-ல் 10,000, 2024-ல் 12,500. பதின்மூன்று வருடமாக அந்த டீச்சர் தேவிபட்டினத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் பிடித்து வருகிறார். அவர் வரும் நேரத்துக்கு மகளிர் இலவசப் பேருந்து இந்தத் தடத்தில் இல்லை, டிக்கெட் எடுத்துத்தான் வர வேண்டும். ஆணையில் வாரம் மூன்று அரை நாள் என்று இருக்கிறது. நடைமுறையில் எந்த வகுப்பு ஆசிரியர் பயிற்சிக்குப் போனாலும் அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்வது அவர்தான். கலைத் திருவிழாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவதும் அவர்தான். எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறை இணையதளத்தில் மாணவர் பதிவு ஏற்றும் நாளில் தலைமையாசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களைச் சரிபார்ப்பதும் அவர்தான்.

அவர் பாடம் நடத்துவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்து, பிள்ளைகளை முதலில் தாளில்தான் வெட்டச் சொல்வார். மார்புச் சுற்றளவை நாலால் வகுத்து ஓர் அங்குலம் கூட்டு, தோள் அளவில் பாதி எடு, கழுத்து இறக்கம் இவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் குறிக்க வைப்பார். பின்னம் என்றாலே அழுதுகொண்டிருந்த என் மகள் இப்போது முப்பத்தொன்றரையை நாலால் வகுத்து டேப்பில் புள்ளி வைக்கிறாள். பள்ளியில் இருப்பது ஒரே ஒரு மெஷின். அதன் பெல்ட் அறுந்தபோது எந்தக் கணக்கில் வாங்குவது என்று நாங்கள் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். அதற்குள் டீச்சர் தன் கைக்காசில் வாங்கி மாட்டிவிட்டார். அவரிடம் படித்த பெண்ணொருத்தி இன்று மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராகி, அரசு கொடுக்கும் இலவசப் பள்ளிச் சீருடைகளைத் தைக்கிறாள். எங்கள் ஊரில் இதற்குமுன் பெண்களுக்குக் கருவாடு காயப்போடுவதும் நண்டு வலை பிரிப்பதும் விட்டால் வேறு வருமானம் கிடையாது.

அந்த டீச்சருக்கு 2025 வரை மே மாதம் சம்பளமே கிடையாது. பள்ளி விடுமுறை, அதனால் ஊதியம் இல்லை என்பது ஏற்பாடு. ஓய்வூதியமும் இல்லை. பணி நிரந்தரம் செய்வோம் என்றது அதே தேர்தலின் வாக்குறுதி எண் 181. 2025 வரை அது அப்படியே இருக்கிறது.

இதை எங்கள் ஊரிலேயே எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை. மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த இடத்தில் என் கொழுந்தனார் நேராகவே கேட்டார்: "மதினி, நம்ம ரெண்டு மாசம் கரையில கெடக்கோம். கடலுக்குப் போனா சிலோன் நேவிக்காரன் புடிச்சிட்டுப் போறான். வாத்தியாருக்கு என்ன கொறச்சல்? மாசம் பொறந்தா பேங்க்ல விழுகுது. அவுகளுக்காக நீங்க எதுக்குப் பேசுறீக?"

"தையல் டீச்சருக்கு மே மாசம் எவ்வளவு விழுகுதுன்னு தெரியுமா தம்பி?" என்றேன். ஒன்றும் விழுவதில்லை என்று சொன்னதும் அவர் நம்பவில்லை. பக்கத்தில் இருந்த பள்ளிச் சமையலம்மாவிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் நம்பினார்.

அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் எங்களுக்குத் தொழில் இல்லை. ஆனால் அந்த நாட்களில் மீனவக் குடும்பம் சாப்பிட வேண்டும் என்பதை அரசு ஏற்றுக்கொண்டு நிவாரணம் கொடுக்கிறது. அதை 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதல்வரே அறிவித்தார். போதாதுதான், கேட்டுக் கேட்டுத்தான் அதையும் வாங்கினோம். மீன் குஞ்சு பொரிப்பதற்காகத் தொழிலை நிறுத்தினால் நிவாரணம் உண்டு, பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டதால் வேலை நின்றால் ஒரு ரூபாய் கிடையாது என்பது என்ன கணக்கு? தடைக்காலத்தில் அடுப்பு எப்படி எரிகிறது என்று தெரிந்த நாம்தான் அந்த டீச்சருக்காக முதலில் பேச வேண்டும். இதைத்தான் கொழுந்தனாரிடம் சொன்னேன். உங்கள் வாசகர்களிடமும் சொல்கிறேன்.

"வெளியே பட்டதாரிகள் காத்திருக்கிறார்கள்" என்று எழுதியவருக்கும் ஒரு பதில் இருக்கிறது. 2022-ல் மாநிலம் முழுக்க 13,331 காலியிடங்களைத் தற்காலிகமாக நிரப்பச் சொன்னபோது, ஆள் எடுக்கும் பொறுப்பு பள்ளி மேலாண்மைக் குழுக்களிடம் வந்தது. இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 என்று மாதத்துக்கு ஒரே தொகையாகத் தொகுப்பூதியம். எங்கள் பள்ளிக்கு, எங்கள் ஊரிலேயே கணக்கில் பி.எஸ்ஸி., பி.எட். முடித்த பெண்ணை எடுத்தோம். தீர்மான நோட்டில் நானும் கையெழுத்துப் போட்டேன். பிள்ளைகள் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வலையில் எத்தனை கண், ஏலத்தில் கிலோவுக்கு எவ்வளவு, டீசலுக்கு எவ்வளவு போக மிச்சம் எவ்வளவு என்று ஊர்க் கணக்கை வைத்தே சொல்லிக் கொடுத்தாள். அடுத்த வருடம் அவள் இல்லை. மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை, தங்குமிடத்தோடு இதைவிடக் கூடுதல் சம்பளம். தகப்பனார் இல்லாத வீடு, போகாதே என்று எந்த முகத்தோடு சொல்வோம்? அவள் போனபிறகு அரையாண்டுத் தேர்வு வரை ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புக்கும் கணக்கு எடுக்க ஆள் இல்லை. தொகுப்பூதியத்தைப் பின்னால் கூட்டினார்கள். எங்களுக்கு அவள் திரும்பக் கிடைக்கவில்லை.

குறைந்த சம்பளத்துக்கு யாராவது வருவார்கள் என்பது உண்மைதான். இருக்க மாட்டார்கள். அதிலும் எங்கள் பக்கம் இருக்க மாட்டார்கள். வெளி மாவட்டத்திலிருந்து முதல் பணியிடமாக இங்கே போடப்படுகிறவர்கள் பொது மாறுதல் கலந்தாய்வு எப்போது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். கலந்தாய்வு முடிந்தால் பள்ளியில் நாற்காலி காலியாகிறது. குடிதண்ணீரை விலைக்கு வாங்கும் ஊர், கடைசி பஸ்ஸை விட்டால் வேறு வழியில்லாத ஊர். அவர்களைக் குறை சொல்லி ஆகப்போவதில்லை. மத்திய அரசு 2018-ல் போட்ட முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இருப்பவை விருதுநகரும் ராமநாதபுரமும்தான். பின்தங்கிய மாவட்டம் என்று ஒப்புக்கொண்ட பிறகு, இங்கே வந்து வேலை செய்கிறவருக்குக் கூடுதலாக அல்லவா கொடுக்க வேண்டும்?

ஆசிரியர் சங்கங்களிடமும் எனக்கு வருத்தம் உண்டு. 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவின் வேலைநிறுத்தம் நடந்தபோது என் அக்கா மகன் பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வு நெருங்கும் நேரத்தில் வகுப்பை நிறுத்தினால் ஊர் உங்கள் பக்கம் நிற்காது. தனியார் டியூஷனுக்கு அனுப்ப வசதியுள்ளவர்கள் இந்தக் கரையில் இல்லை. பழைய ஓய்வூதியம் முதல் கோரிக்கையாகவும், பகுதிநேர ஆசிரியரின் மே மாதச் சம்பளம் கடைசிக் கோரிக்கையாகவும் துண்டறிக்கையில் வருவதையும் பார்க்கிறேன். 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்பது பெரிய குறைதான், மறுக்கவில்லை. ஆனால் நிரந்தரச் சம்பளம் வாங்குகிறவர்கள், அதே பணியாளர் அறையில் டீ குடிக்கும் தையல் டீச்சருக்காக முதலில் குரல் கொடுத்தால் எங்கள் ஊர்க்காரர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள்.

அதற்காக, வீட்டுக்கு அனுப்புங்கள் என்று சொல்லாதீர்கள். 2003 ஜூலையில் அதைச் செய்து பார்த்தார்கள். வேலைநிறுத்தம் செய்த ஏறக்குறைய 1,70,000 அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் நீக்கப்பட்டார்கள். அப்போது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். வேலைநிறுத்தம் செய்ய உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் ஆகஸ்டில் சொன்னாலும், பெரும்பாலானவர்களைத் திரும்பச் சேர்க்கத்தான் வேண்டியிருந்தது. இடையில் பாடம் போனது எங்களுக்கு.

அரசிடம் பணம் இல்லை என்கிறார்கள். பகுதிநேர ஆசிரியர்களின் ஊதியம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வருகிறது. அதில் மத்திய அரசு 60, மாநில அரசு 40. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25-க்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. கல்விக் கொள்கையில் இரண்டு அரசுக்கும் வழக்கு இருந்தால் நீதிமன்றத்தில் நடத்தட்டும். மாணவர்களுக்கான பணத்தைப் பிடித்து வைத்துப் பேரம் பேசுவது தவறு, அதைக் கண்டித்தே ஆக வேண்டும். ஆனால் மே மாதச் சம்பளம் இல்லாதது 2012-லேயே தொடங்கியது. அதற்கு இந்த 2,152 கோடியைக் காரணம் காட்ட முடியாது.

ஆசிரியர் சம்பளம் பற்றிய செய்தி வரும்போது, எந்த ஆசிரியர், எந்த வருடம் சேர்ந்தவர், நிரந்தரமா, பகுதிநேரமா, தொகுப்பூதியமா என்பதையும் சேர்த்துப் போடும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பகுதிநேர ஆசிரியர்களுக்கு மே மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும், 2009-க்குப் பின் சேர்ந்தவர்களின் சம்பளத்தைச் சமமாக்க வேண்டும் என்று எங்கள் மேலாண்மைக் குழுவில் தீர்மானம் எழுதியிருக்கிறோம். ஆகஸ்ட் 15 கிராம சபையிலும் அதை வைக்கப் போகிறோம். கொழுந்தனார் தன் படகில் வரும் ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்து கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். மற்ற கடலோர ஊர்களின் மேலாண்மைக் குழுக்களும் அதே நாளில் இதை வைத்தால் மாவட்ட ஆட்சியரிடம் எல்லோரும் சேர்ந்தே கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி,
தொண்டி வட்டாரம், ராமநாதபுரம் மாவட்டம்.