ஜவ்வரிசி ஆலை வாயுவுக்குப் பாசிக் குளம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கழிவுநீரிலிருந்து கிடைக்கும் எரிவாயுவைப் பாசியைக் கொண்டு தூய்மைப்படுத்தும் முறை பற்றி இப்போது பேசுகிறார்கள். ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் எரிவாயு ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டவன் என்ற முறையில் அதுபற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

கழிவுநீரை நொதிக்கவைக்கும் மூடிய கலனிலிருந்து வரும் வாயுவில் எரியக்கூடிய மீத்தேன் ஏறத்தாழ 60 விழுக்காடுதான். மிச்சத்தில் பெரும்பகுதி எரியாத கரியமில வாயு. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு சிறிதளவே இருந்தாலும் இயந்திரத்தைத் தின்பது அதுதான். மாற்றி ஒரு மாதம் ஆகாத எஞ்சின் ஆயில் தாராய்க் கறுத்து வடிந்ததைக் கண்டிருக்கிறேன். வாயு செல்லும் வழியில் வைக்கும் இரும்புச் சீவல் பெட்டி ஹைட்ரஜன் சல்பைடிலுள்ள கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளுமே தவிர, கரியமில வாயுவைத் தொடாது.

பாசிக்கோ அதுவே உணவு. ஒரு கிலோ உலர்பாசி விளைய ஏறத்தாழ 1.8 கிலோ கரியமில வாயு வேண்டும். தழைச்சத்து கலனின் கழிவுநீரிலேயே இருக்கிறது. ஆனால் வெயிலில் பாசி ஆக்சிஜனை வெளிவிடும் என்பதை மறந்து, வாயுவை நேரே மூடிய பாசித் தொட்டிக்குள் விட்டால், மீத்தேனும் ஆக்சிஜனும் கலந்து வெடிக்கும் நிலை வரலாம். எனவே குளத்தைத் திறந்தவெளியில் தனியே வைத்து, அதன் காரநீரை மட்டும் உயரமான ஒரு குழாயில் மேலிருந்து இறக்கி, கீழிருந்து ஏறும் வாயுவைக் கழுவ வேண்டும். மீத்தேன் நீரில் அதிகம் கரையாது. கரியமில வாயு கரைந்து குளத்துக்குப் போய்விடும். கரைந்த ஹைட்ரஜன் சல்பைடை அங்குள்ள பாக்டீரியாக்கள் சல்பேட்டாக்கிவிடும். நீரை அளவாக விடுவதும் முக்கியம். மிகுந்தால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் வாயுவில் ஏறிவிடும்.

இடம்தான் பெரிய சிக்கல். நாளொன்றுக்கு 100 கன மீட்டர் வாயுவிலுள்ள கரியமில வாயு முழுவதையும் பாசியாக்கினால் ஏறத்தாழ 40 கிலோ பாசி விளையும். சதுர மீட்டருக்கு நாளுக்கு 15 கிராம் என்று கொண்டால், குளத்துக்கே 66 சென்ட் நிலம் வேண்டும். மரவள்ளித் திப்பி (மாவெடுத்தபின் மிஞ்சும் சக்கை) காயவைக்கவே களம் போதாத ஆலைகளுக்கு இது எளிதன்று.

ஆகவே, கழிவுநீர்க் குட்டை ஏற்கெனவே உள்ள ஓர் ஆலையைத் தேர்ந்து, ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேலம் சேகோசர்வும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் மழைக்காலத்தையும் உள்ளடக்கி ஓராண்டுச் சோதனை நடத்தி, வாயுவில் ஏறும் ஆக்சிஜன் அளவையும் சேர்த்து முடிவுகளை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஆத்தூர்