லாக்கப் கதவுக்கு வெளியே: தமிழ்நாடு காவல்துறைத் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும், உள்துறைச் செயலர் அவர்களுக்கும்,

வணக்கம்.

காவல் நிலையங்களில் பொதுமக்கள் தன்னார்வலர்களாக வேலை செய்வதற்குத் தெளிவான, எழுத்தில் உள்ள, எவரும் வாங்கிப் படிக்கக்கூடிய விதிமுறை ஒன்றை வகுக்க வேண்டும் என்று கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். தென்மாவட்டம் ஒன்றில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் ஊர் ஸ்டேஷனில், காவல்துறைக்கு உதவும் பொதுமக்கள் தன்னார்வ அமைப்பான ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ பிள்ளைகளைச் சில ஆண்டுகள் ஒருங்கிணைத்தேன். அவர்களில் பலர் என் பழைய மாணவர்கள். திருவிழா பந்தோபஸ்தில் கால் கடுக்க நின்றவர்களையும் தெரியும். லத்தி கைக்கு வந்ததும் குரல் மாறிப்போனவர்களையும் தெரியும். இரண்டையும் பார்த்தவன் என்பதால்தான் எழுதுகிறேன்.

1993-இல் ராமநாதபுரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் இந்த அமைப்பைத் தொடங்கியபோது இருந்த எண்ணம் நல்ல எண்ணம். ஸ்டேஷன் வாசலை மிதிக்கவே பயப்படுகிற ஊரில், அந்த வாசலுக்குள் ஊர்க்காரர் ஒருவர் நிற்க வேண்டும் என்பதே அது. பிறகு அது மாநிலம் முழுக்கப் பரவியது. பரவிய வேகத்துக்கு ஏற்ற பயிற்சியும் கண்காணிப்பும் கூடவே போகவில்லை. எங்கள் ஸ்டேஷனுக்கு ஓர் இன்ஸ்பெக்டர் வந்தால் தன்னார்வலருக்கு ஒரு வேலை, அடுத்தவர் வந்தால் வேறு வேலை. ஒருவர் அவர்களைப் பள்ளிக்கூட வாசல் போக்குவரத்துக்கு அனுப்பினார். இன்னொருவர் டீ வாங்கவும் மோட்டார் சைக்கிள் கழுவவும் அனுப்பினார். அதிகாரிகளின் வீட்டு வேலைக்குக் காவலர்களை வைத்துக்கொள்ளும் ஆர்டர்லி முறையை 1979-லேயே ஒழித்ததாக அரசு ஆணையிட்ட மாநிலம் இது. 2022-இல் உயர் நீதிமன்றம் மறுபடியும் அதைக் கையிலெடுத்துக் கண்டிக்க வேண்டியிருந்தது. சம்பளம் வாங்கும் காவலருக்கே அந்த நிலை என்றால், சம்பளமும் சங்கமும் இல்லாத பத்தொன்பது வயதுப் பையன் அதிகாரியிடம் எப்படி மறுத்துப் பேசுவான்?

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகப்பட்டு, அடிக்கப்பட்டு, சில நாட்களில் இறந்துபோனார்கள். அந்த இரவு ஸ்டேஷனில் தன்னார்வலர்களும் இருந்தார்கள், அவர்களும் அடித்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. குற்றப்பத்திரிகை காவலர்கள் மேல்தான் தாக்கலானது. ஆனால் ஜூலையில் ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் அமைப்பு மாநிலம் முழுக்கத் தடை செய்யப்பட்டது. அந்தத் தடையை நான் குறை சொல்லவில்லை. அன்றைக்கு அதைச் செய்யாமல் இருந்திருக்க முடியாது. என் ஆதங்கம் வேறு. அமைப்பைத் தடை செய்ததோடு நின்றுவிட்டோம்; விசாரணை நடக்கும் இடத்தில் வெளியாள் இருப்பதை எந்த விதி அனுமதித்தது, அங்கே என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்ற கேள்விகளுக்குப் பதில் எழுதப்படவே இல்லை.

கொரோனா ஊரடங்கு நாட்களில் எங்கள் ஊர்ச் சந்திப்பிலும் இந்த விதியில்லாத நிலையைப் பார்த்தேன். ஸ்டேஷனில் ஆள் போதவில்லை என்று பிள்ளைகளை ரோட்டில் நிறுத்தினார்கள். கையில் லத்தி, காக்கி நிறத்தில் பேன்ட், கழுத்தில் ஒரு அட்டை. மருந்து வாங்க வந்த ஒரு பெரியவரை ஒரு பையன் ‘டேய்’ என்று கூப்பிட்டான். அந்தப் பெரியவர் அவனை போலீஸ் என்றே நினைத்துக் கைகட்டி நின்றார். பையனுக்கும் தான் போலீஸ்தான் என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. சட்டமோ அவனைப் போலீஸ் என்று சொல்லவில்லை. அவன் அடித்தால் துறை ரீதியான விசாரணை கிடையாது, சஸ்பெண்ட் கிடையாது, இழக்க ஒரு வேலை கிடையாது.

இந்த அரைப் போலீஸ் நிலைதான் ஆபத்து. சத்தீஸ்கரில் பழங்குடி இளைஞர்களைச் சிறப்புக் காவல் அலுவலர்களாக்கி, மாதம் 3,000 ரூபாய் கொடுத்து, துப்பாக்கியோடு மாவோயிஸ்டுகளுக்கு எதிராக நிறுத்தியதை 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அரசமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. சமூகவியல் பேராசிரியர் நந்தினி சுந்தர் தொடுத்த வழக்கு அது. நம் ஊர் நிலைமை அவ்வளவு கொடூரமானதல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பயிற்சியில் குறை வைத்துவிட்டு அதிகாரத்தின் வேலையை இளைஞர்கள் தலையில் கட்டாதே என்று நீதிமன்றம் சொன்னது நமக்கும் பொருந்தும்.

இதற்கு உலகத்தில் நேரான வழிகள் இரண்டு உண்டு. ஒன்று, முழு அதிகாரத்தையும் முழுப் பயிற்சியோடும் முழுப் பொறுப்போடும் கொடுத்துவிடுவது. சிங்கப்பூரில் 1946 முதல் இருக்கும் தன்னார்வச் சிறப்புக் காவல் படை அப்படித்தான். பகலில் வேறு வேலை பார்க்கும் மனிதர், பணியில் இருக்கும்போது முழுநேரக் காவலருக்குள்ள அதே சட்ட அதிகாரத்தோடு, அதே சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நிற்கிறார். நம்மிடம் அதற்கு நெருக்கமாக இருப்பது ஊர்க்காவல் படை. அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. அந்தப் படையினருக்குத் தரும் தினப்படியே போதாது, ஒரு மாதம் முழுக்க வேலை செய்தால் காவலரின் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு இணையாக வர வேண்டும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் படையைப் பலப்படுத்துவது தனி வேலை, அதையும் செய்யுங்கள்.

நான் கேட்பது இரண்டாவது வழி. அதிகாரம் துளியும் இல்லாத தன்னார்வலர். பிடிக்கவோ, விசாரிக்கவோ, சோதனை போடவோ, வண்டியை மறிக்கவோ உரிமை இல்லாதவர். காக்கி கிடையாது, லத்தி கிடையாது, வண்டியில் ‘போலீஸ்’ ஸ்டிக்கர் கிடையாது. லாக்கப்பும் விசாரணை அறையும் இருக்கும் பக்கம் அவர் கால் படவே கூடாது. இரவு ஒரு நேரத்துக்கு மேல் ஸ்டேஷன் கட்டடத்துக்குள்ளேயே இருக்கக் கூடாது. இந்த விதி மீறப்பட்டால் தன்னார்வலரை நீக்குவதோடு முடித்துவிடாமல், அன்றைக்குப் பொறுப்பில் இருந்த அதிகாரி மேல் நடவடிக்கை என்று எழுதுங்கள். அப்படி எழுதினால்தான் அது நடக்கும்.

அதிகாரமே இல்லாதவருக்கு ஸ்டேஷனில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. எழுதத் தெரியாத பாட்டி ஒருவர் மனு கொடுக்க வந்தால், இன்றும் அவர் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் கடைக்காரரிடம் காசு கொடுத்து எழுதி வாங்கிக்கொண்டு வருகிறார். எழுதுபவர் தன் கற்பனையையும் சேர்த்து எழுதிவிடுகிறார்; பிறகு பாட்டி வாயால் சொல்வதும் தாளில் இருப்பதும் ஒத்துப்போவதில்லை. அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதி, வாசித்துக் காட்டி, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கைக்கு வரும்வரை கூட உட்கார ஓர் ஆள் போதும். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது என்று பதறி வருகிறவரை முதல் வேலையாக சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் பேச வைக்க ஓர் ஆள் வேண்டும். இங்கே ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் சாப்பிட்டு வரட்டும் என்று காத்திருக்கும் நேரத்தில் பணம் நாலு கணக்கு மாறிவிடும்.

மொழி இன்னொரு பெரிய பிரச்சினை. திருப்பூரிலும் கோவையிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் எத்தனை பேர்! அவர்களில் ஒருவர் அடிபட்டு ஸ்டேஷனுக்கு வந்தால், பெரும்பாலும் அவரைக் கூட்டிவந்த கான்ட்ராக்டரே மொழிபெயர்க்கிறார். புகாரே அந்த கான்ட்ராக்டர் மேல் என்றால்? 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குவதாகப் போலி வீடியோக்கள் பரவியபோது துறை எவ்வளவு சிரமப்பட்டு மறுத்தது என்பது தங்களுக்குத் தெரியும். ஒரியாவும் இந்தியும் பேசும் பத்துப் பேர் ஏற்கெனவே ஸ்டேஷனுக்கு அறிமுகமாகி இருந்தால், அந்தத் தொழிலாளர் குடியிருப்புகளில் அவர்கள் வார்த்தைக்கு அறிக்கைகளைவிட மதிப்பு இருந்திருக்கும். சைகை மொழி தெரிந்தவர்களும், சிறப்புக் கல்வியாளர்களும் அப்படித்தான். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டமும் மாற்றுத்திறனாளியின் வாக்குமூலத்தைப் பதியும்போது அவர்கள் உதவி வேண்டும் என்கின்றன. இரவு பதினோரு மணிக்கு யாரைக் கூப்பிடுவது என்று எழுதிவைத்த பட்டியல் எத்தனை ஸ்டேஷனில் இருக்கிறது? இந்த உதவிக்குக் கட்டணம் கொடுக்கச் சட்டமே இடம் தருகிறது. அதைத் தன்னார்வம் என்ற பெயரில் மறுக்கவும் கூடாது.

காணும் பொங்கல் அன்று மெரினாவில் குழந்தைகள் கையில் பெற்றோரின் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டுகிறார்களே, அந்த மாதிரி வேலைகளைச் சொல்லவே வேண்டாம். குலசை தசராவிலும் திருச்செந்தூர் சூரசம்ஹாரத்திலும் என் பிள்ளைகள் தண்ணீர் கொடுத்தும், தொலைந்த குழந்தைகளைச் சேர்த்துவைத்தும் செய்த வேலையை இன்றும் ஊரில் நினைத்துப் பேசுகிறார்கள்.

இனி, யாரைச் சேர்ப்பது என்பது. இங்கேதான் திட்டம் பிழைப்பதும் சாவதும். கவனிக்காமல் விட்டால் ஸ்டேஷனுக்கு முதலில் வந்து சேருபவர் புரோக்கர். நிலம் வாங்கி விற்பவர், வட்டிக்கு விடுபவர், கட்டப்பஞ்சாயத்து பேசுபவர். அவர்களுக்கு இன்ஸ்பெக்டரோடு நின்று எடுத்த ஒரு போட்டோ போதும், ஊரில் கடன் வசூல் தானாக நடக்கும். அடுத்து வருபவர் கட்சிக்காரர், அதற்கடுத்து சாதிச் சங்கத்தவர். எங்கள் பக்கத்து ஊர்களில் ஒரே சாதிப் பிள்ளைகளாகக் குழு அமைந்தால் மற்றத் தெருக்காரர்கள் அந்த ஸ்டேஷனில் மனுவே கொடுக்க மாட்டார்கள். ஆகவே தேர்வை இன்ஸ்பெக்டர் கையில் விடாதீர்கள். மாவட்ட அளவில், சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலிருந்து ஒருவர், ஒரு தலைமையாசிரியர், கூடுதல் எஸ்.பி. ஒருவர் சேர்ந்து தேர்ந்தெடுக்கட்டும். பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும். திருநர்களும், ஊரின் எல்லாத் தெருக்களும் இடம் பெறட்டும். இரண்டு ஆண்டு முடிந்தால் கட்டாயம் விலகல். பெயரும் படமும் வேலையும் ஸ்டேஷன் வாசல் பலகையில் இருக்கட்டும். அவர்கள் மேல் புகார் சொல்ல வேண்டிய எண்ணும் அதிலேயே இருக்கட்டும், அந்த எண் அதே ஸ்டேஷனுடையதாக இருக்கக் கூடாது. விபத்துக் காப்பீடும் பயணச் செலவும் சாப்பாடும் துறையின் செலவு.

திட்டத்தை நடத்த ஒவ்வொரு உட்கோட்டத்திலும் ஒரு எஸ்.ஐ. வேண்டும், அதுவே அவருடைய முழு வேலையாக. வேறு பத்து வேலைகளோடு பதினொன்றாவதாக இதையும் ஒருவர் தலையில் வைத்ததால்தான் எங்கள் காலத்தில் யார் எப்போது வந்தார், என்ன செய்தார் என்று ஒரு பதிவேடுகூட இல்லை. வந்த நேரம், போன நேரம், செய்த வேலை மூன்றும் அன்றன்றே எழுதப்பட வேண்டும். பயிற்சியில் முதல் பாடம் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த கைது நெறிமுறைகளாக இருக்க வேண்டும். தவறு நடப்பதைத் தன்னார்வலர் கண்டால் யாரிடம் சொல்வது, சொன்னால் அவருக்கு என்ன பாதுகாப்பு என்பது இரண்டாவது பாடம். சாத்தான்குளத்தில் சிசிடிவி பதிவுகள் நாள்தோறும் அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். அங்கே உண்மையைச் சொன்னது ஒரு பெண் தலைமைக் காவலரின் வாய். மிரட்டலுக்கு நடுவில் அவர் சாட்சி சொன்னார். அப்படிச் சொல்ல வழியுள்ள வெளியாள் ஒருவர் பகலில் முன்வாசலில் இருப்பது நேர்மையான அதிகாரிக்குப் பலம் என்றே நான் நம்புகிறேன்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். காலிப் பணியிடங்களை நிரப்பாமல், அந்த இடத்தில் இவர்களை நிறுத்தாதீர்கள். ஆள் பற்றாக்குறைக்குத் தன்னார்வலரை வைத்து ஒட்டுப்போட்ட நாளில்தான் எங்கள் பிள்ளைகள் கைக்கு லத்தி வந்தது.

வரைவு விதிமுறையை முதலில் தமிழில் வெளியிட்டு, பொதுமக்களிடமும் மனித உரிமை அமைப்புகளிடமும் கருத்துக் கேளுங்கள். எடுத்த எடுப்பில் மாநிலம் முழுக்க வேண்டாம். தொழிலாளர் நெருக்கம் உள்ள ஒரு மாவட்டம், சாதிப் பதற்றம் உள்ள ஒரு தென்மாவட்டம், சென்னையில் ஒரு காவல் மாவட்டம் என்று மூன்றில் ஓராண்டு நடத்திப் பாருங்கள். ஓராண்டு முடிவில் தன்னார்வலர்கள் மேல் வந்த புகார்களையும், அவற்றில் எடுத்த நடவடிக்கையையும் மறைக்காமல் வெளியிடுங்கள். கருத்துக் கேட்புக் கூட்டம் எந்த ஊரில் நடந்தாலும், பழைய தன்னார்வலர்கள் சிலரோடு என் செலவில் வந்து, நாங்கள் பார்த்ததைச் சொல்லத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
தென் தமிழ்நாடு