மாமிக்கு ஆட்டைத் திவசம்

அன்புள்ள மாமா,

வியாழக்கிழமை திவசம் என்று அம்மா சொன்னா. நீங்கள் எனக்குச் சொல்லியனுப்பவில்லை. சொல்லாவிட்டாலும் வருவேன். கையில் ஒரு படம் இருக்கும். அதை வாங்குகிறதா விடுகிறதா என்று நீங்கள் முடிவெடுக்க முதல் ஒரு விசயம் உங்களுக்குத் தெரியவேண்டும். பதினொரு மாதமாக அதை நேரில் சொல்லப் பார்த்தேன். மார்க்கற்றில் கண்டேன், கோணேசர் கோயில் ஏற்றத்தில் கண்டேன். வாய் வரவில்லை.

இதை வேறு ஆட்களும் வாசிப்பார்கள். உங்கள் மகளும் வாசிப்பா. அதனால் மாமியின் கடைசி மூன்று கிழமையைப் பற்றி ஒரு வரியும் எழுதமாட்டேன். படத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அன்றிரவு நீங்கள் வரும்போது பத்து மணி தாண்டிவிட்டது. செத்தவீடு முடிந்து ஒரு கிழமைதான். சேட்டுப் பொக்கற்றிலிருந்து கமரா கார்டை எடுத்தீர்கள். என்னிடம் தராமல் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு நின்றீர்கள். "தம்பி, இதில கடைசியாக் கிடக்கிறது மாமி. கொஞ்சம் இருட்டாப் போச்சு. ஏதும் செய்யேலுமோ? கல்வெட்டுப் புத்தக முகப்புக்கு வேணும்." பதினாறு வருடத்தில் ஒரு படத்தை எடிட் பண்ணித் தரச்சொல்லி நீங்கள் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

அப்போது எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, மாமா. அந்தக் கண்காட்சி மண்டபம்தான் நினைவில் வந்தது.

என்னுடைய கரைவலைப் படம் அங்கே தொங்கியது. உப்புவெளியில் எடுத்தது, சூரியன் கடலுக்கு மேல் ஒரு முழம் ஏறியிருந்த நேரம். எங்கள் கரையில் விடியற்காலைப் படம் எடுக்கிற எல்லாருக்கும் அதே சிக்கல். வெளிச்சம் நேரே கடலுக்குள்ளிருந்து முகத்துக்கு வருகிறது. வானத்துக்கு அளந்தால் வலை இழுக்கிற ஆட்கள் கரிக்கட்டை. ஆட்களுக்கு அளந்தால் வானம் வெள்ளைக் கடதாசி. பாதி இருண்ட பில்டரைப் போட்டால் கடல்விளிம்புக்கு மேலே நிற்கிற தலைகளும் தோள்களும் சேர்ந்து இருண்டுவிடும். வானம் வெடிக்காத அளவுக்கு எடுத்துக்கொண்டு வந்து, நிழலை வீட்டில் உயர்த்தினேன். அந்தப் படத்தில் இருக்கிற ஒரு கயிறு, ஒரு நாய், ஒரு காகம்கூட நான் கொண்டுவந்து வைத்ததில்லை. நீங்கள் அதற்கு முன்னால் நின்று, பத்துப் பதினைந்து பேர் கேட்க, "இது கம்பியூட்டர் எடுத்த படம்" என்றீர்கள். எனக்குக் கமரா பிடிக்கப் பழக்கிய வாயால் சொன்னீர்கள்.

நானும் சும்மா இருக்கவில்லை. அமெரிக்கப் படப்பிடிப்பாளர் ஆன்சல் அடம்ஸின் கதையை எடுத்தேன். நீங்கள் எனக்கு எத்தனையோ தரம் சொன்ன கதை. 1941, நியூ மெக்சிக்கோவில் ஒரு சின்ன ஊர், மயானத்துச் சிலுவைகளில் கடைசி வெயில், மேலே நிலவு. அவசரத்தில் லைட் மீற்றர் அகப்படவில்லை. நிலவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 கண்டில் என்று மனதில் இருந்தது. அதை வைத்துக் கணக்குப் பண்ணி ஒன்று எடுத்தார். இரண்டாவது எடுக்க முதல் வெயில் சிலுவையை விட்டுப் போய்விட்டது. "கண்ணும் கணக்கும் இருந்தா மீற்றரே தேவையில்லை" என்று முடிப்பீர்கள். அந்தக் கதையைக் கேட்டுத்தான் நான் கணக்குப் பழகினேன்.

மிச்சக் கதையைப் பிறகு நானாகத்தான் வாசித்தேன். அந்த நெகட்டிவில் நிலத்துப் பக்கம் மெல்லிதாகப் போனதால் 1948-இல் அந்தப் பகுதியைத் திரும்ப மருந்தில் தோய்த்து அடர்த்தியாக்கினார். பிரின்ற் போடும்போதெல்லாம் வானத்துக்குக் கூடுதலாக வெளிச்சம் கொடுத்து இருட்டினார். ஆரம்பத்துப் பிரின்ற்களில் முகில் தெரியும். பிந்தியவற்றில் வானம் முழுக்கக் கறுப்பு. எங்கள் நாட்டுப் படப்பிடிப்பாளர் லயனல் வென்ட் 1944-இல் சாகும்வரைக்கும் இருட்டறையில் செய்து பார்க்காத வித்தையா? "நீங்கள் எனக்குப் பாதிக் கதைதான் சொல்லித் தந்தியள்" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டேன். உங்கள் முகம் சுருங்கியது. ஆட்களுக்கு முன்னால் கேட்டது பிழை. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். கேட்ட விசயம் பிழை இல்லை.

அந்த ஆள்தான் பத்து மணிக்கு என் வாசலில் கார்டோடு நின்றது. இப்போது விளங்குகிறதா, நான் ஏன் உடனே "இருங்கோ மாமா" என்று சொல்லாமல் நின்றேன் என்று?

பைலைத் திறந்தேன். கறுப்பு. அதற்குள் சுளகோடு ஒரு உருவம். எப்படி நடந்தது என்று நீங்கள் சொல்லவில்லை, கமரா எழுதி வைத்திருந்தது: ஷட்டர் 500-இல் ஒரு செக்கன், அப்பேச்சர் எஃப் 8, ஐஎஸ்ஓ 200. அதற்கு முன்னால் இருக்கிற பதினொரு படமும் முற்றத்து வெயிலில் காயப்போட்ட செத்தல் மிளகாய், எல்லாம் அதே அளவு. மிளகாய்க்குச் சரியான அளவு. குசினி வாசலில் மாமி வந்து நின்று சிரித்தவுடன் அப்படியே திரும்பி அமத்தியிருக்கிறீர்கள். அந்த வாசலுக்கு அது நாலு ஸ்டொப் கீழே. உங்கள் டி90 பன்னிரண்டு பிட் கமரா. வெளிச்சத்தைப் பிரித்து எழுத அதற்கு 4096 படிகள். ஒரு ஸ்டொப் குறைய வெளிச்சமும் பாதி, அந்தப் படிகளும் பாதி. நாலு குறைந்தால் மிஞ்சுவது 256. மாமியின் முகம் முழுக்க அந்த 256-க்கும் அடியில் கிடந்தது.

"நாலு ஸ்டொப் கீழ" என்றேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். நீங்கள் நிலத்தைப் பார்த்தீர்கள்.

உங்களில் எனக்குக் கோபமும் இருக்கிறது, மாமா. அந்தக் கமராவில் ஓட்டோ ஐஎஸ்ஓ இருக்கிறது. மனுவலில் வைத்தாலும் வேலை செய்யும். ஷட்டரும் அப்பேச்சரும் நீங்கள் வைத்தபடி நிற்க, வாசலுக்குத் திரும்பின உடனே ஐஎஸ்ஓவை அது தானாக உயர்த்தி இருட்டை ஈடுசெய்திருக்கும். எத்தனை தரம் போட்டுத் தரவா என்று கேட்டேன்? "கமரா யோசிக்கத் தேவையில்லை, நான் யோசிப்பன்" என்பீர்கள். முப்பத்தாறு படத்தோடு முடிகிற ரோலில் பழகினவர், ஒன்றையும் வீணாக்காதவர், திருகோணமலைக் கோட்டைக்குள் கமராவைத் தூக்கவே பயந்த காலத்திலும் படம் எடுத்தவர். எல்லாம் உண்மைதான். ஆனால் சிரித்துக்கொண்டு வந்து நிற்கிற மனிசி நீங்கள் யோசித்து முடியுமட்டும் நிற்பாவா?

இதை எழுதினபிறகு அழிக்கலாமா என்று பார்த்தேன். அழிக்கவில்லை.

மூன்று இரவு இருந்து அந்தப் படத்தைச் செய்தேன். நாலாம் நாள் நீங்கள் வந்தீர்கள். கதிரையை இழுத்துத் திரைக்குக் கிட்டப் போட்டீர்கள். நான் படத்தைப் பெரிதாக்கினேன். நல்ல வெளிச்சம், நல்ல நிறம், பின்னால் இருட்டு, முகம் பால் போல. எனக்குப் பெருமையாக இருந்தது. நீங்கள் கண்ணாடியைக் கழற்றி, சாரத் தலைப்பில் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு பார்த்தீர்கள். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனா. பிறகு நீங்கள் விரலை நீட்டி, திரையைத் தொடாமல், மாமியின் நெற்றிக்கு நேரே பிடித்தீர்கள்.

"அவவின்ர திருநீறு எங்க, தம்பி?"

நான் பார்த்தேன். இல்லை. பொட்டு இருந்தது, அதற்கு மேலே வெறும் தோல்.

விரல் கீழே இறங்கியது. "கண்ணுக்குக் கீழ கிடந்த கறுப்பு?"

"நொய்ஸ் எடுக்கேக்க எல்லாம் சேர்ந்து போட்டுது மாமா" என்றேன்.

இதைத்தான் இவ்வளவு நாளும் சொல்ல முடியாமல் திரிந்தேன். அதில் பாதி பொய். திருநீறு போனது நொய்ஸோடுதான். அவ்வளவு இருட்டான பைலை உயர்த்தும்போது முகம் முழுக்க மணல் தூவியது போல வரும். அந்த மணலும் மாமியின் மெல்லிய திருநீற்றுக் கீற்றும் மென்பொருளுக்கு ஒன்றுதான், இரண்டும் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி. ஸ்லைடரை எண்பதுக்குத் தள்ளினேன், இரண்டையும் சேர்த்து வழித்துவிட்டது. கவனிக்காதது என் பிழை. கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு அப்படிப் போகவில்லை. அதை நான் கையால் எடுத்தேன். பிரஷை வைத்து, ஒரு கண்ணுக்கு மூன்று இழுவை, மற்றக் கண்ணுக்கு மூன்று இழுவை.

ஏன் எடுத்தேன்? கலியாணவீட்டுப் படம் கேட்கிற எல்லாரும் அதைத்தான் எடுக்கச் சொல்கிறார்கள், கை பழகிவிட்டது. கல்வெட்டுக்கு நாலு ஊரிலிருந்தும் சொந்தக்காரர் பார்ப்பார்கள், மாமி வடிவாக இருக்கவேண்டும் என்று நினைத்தேன். அந்தக் கறுப்பு எந்த மாதத்தில் வரத் தொடங்கியது என்று எனக்கும் தெரியும், அதைப் பார்க்க என்னால் ஏலாமல் இருந்தது. மூன்றும் உண்மை. மூன்றும் சேர்ந்தாலும் உங்களிடம் கேளாமல் எடுத்ததற்குக் காணாது. அந்தக் கறுப்பு மாமி உங்களுக்குச் சொல்லாமல் விழித்திருந்த இரவுகள். அதை அழிக்க எனக்கு என்ன உரிமை?

நீங்கள் எழும்பினீர்கள். தேத்தண்ணி அப்படியே இருந்தது. வாசலில் வைத்துச் சொன்னதை இங்கே எழுதமாட்டேன், அம்மாவுக்கும் சொல்லவில்லை. ஆனால் அது என் காதுக்குள் இன்னும் இருக்கிறது. ஒரு பிழைக்கு அது கூடிப்போன சொல், மாமா. கல்வெட்டு முகப்பில் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துப் போட்டிருந்தீர்கள். அதைக் கண்டபோது என் கையே எனக்கு அந்நியமாகத் தெரிந்தது. போன ஆடி வரைக்கும் கமராவைத் தொடவில்லை.

போன மாதம் அந்தப் பைலைத் திரும்பத் திறந்தேன். றோ பைலில் நாங்கள் என்ன செய்தாலும் மூலம் கெடாது. இவ்வளவு உயர்த்து, இவ்வளவு வழி என்று குறிப்புத்தான் பக்கத்தில் எழுதப்படும். அந்தக் குறிப்பு எல்லாவற்றையும் ஒரே அமத்தில் அழித்தேன். மாமி பழையபடி இருட்டு வாசலில் நின்றா.

2023-இல் லைட்ரூம் மென்பொருளுக்கு வந்த புது நொய்ஸ் கருவியை முதலில் போட்டுப் பார்த்தேன். மணல் ஒன்றும் இல்லாமல் துடைத்துக் கொடுத்தது. திருநீறும் நின்றது, ஆனால் ஸ்டிக்கர் ஒட்டினது போல விளிம்பு வெட்டிக்கொண்டு நின்றது. மாமி கண்ணாடி பாராமல் பூசுகிறவ. அந்தக் கீற்று எப்பவும் இடப்பக்கம் கொஞ்சம் ஏறி, முடிவில் தூளாகக் கரைந்து போகும். அந்தத் தூள் இல்லை. அதை வேண்டாம் என்று விட்டேன்.

அப்போதுதான் கோட்டை மான்கள் நினைவுக்கு வந்தன. நான் கமரா வாங்கின முதல் கிழமை, ஆலமரத்துக்குக் கீழே மான் கூட்டம், இலைக்குள்ளால் விழுந்த வெயில். நான் மானின் மண்ணிற உடம்புக்கு அளந்தேன். "உடம்பை விடு. முதுகில கிடக்கிற வெள்ளைப் புள்ளியைப் பார். அது வெடிச்சா மான் இல்லை, மாடு" என்றீர்கள். இந்தத் தடவை நான் முகத்துக்கு அளக்கவில்லை. திருநீற்றுக்கு அளந்தேன். அது தூளாகத் தெரியும் இடத்தில் நிறுத்தினேன். மூன்று ஸ்டொப்புக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வந்தது. குசினி வாசல் இருட்டாகத்தான் இருந்தது, இருட்டாகவே இருக்கட்டும். நிற நொய்ஸை மட்டும் எடுத்தேன், மணலை விட்டேன். மாமரத்து வெளிச்சம் கன்னத்தில் பச்சை அடித்திருந்தது; பாதியைத்தான் குறைத்தேன், மாமரம் அங்கே நின்றது உண்மைதானே. கண்ணுக்குக் கீழே தொடவில்லை.

முதல் தடவை 20-க்கு 30 அங்குலம் போடலாம் என்று சொன்னவன் நான்தான். இது 8-க்கு 12. இந்த அளவில் அங்குலத்துக்கு 350 புள்ளிக்கு மேல் வருகிறது. மணல் ஒடுங்கி, பழைய பிலிம் படம் போல நிற்கிறது. மினுக்கம் இல்லாத தாளில் போட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. முதல் தடவை முகம் எடுப்பாகத் தெரியப் பின்பக்கத்தை நானே கறுப்பாக்கினேன். இந்தத் தடவை ஆக்கவில்லை. மாமியின் இடத்தோளுக்குப் பின்னால் குசினி மேசை மங்கலாகத் தெரிகிறது. அதில் இரண்டு தேத்தண்ணிக் கோப்பை. ஒன்று திறந்து இருக்கிறது, மற்றதைப் பிறிசால் மூடி வைத்திருக்கிறா. நீங்கள் ஷட்டரை அமத்தின அந்த 500-இல் ஒரு செக்கனுக்குள் அது விழுந்திருக்கிறது. உயர்த்திப் பார்த்தபடியால் தெரிந்தது. நீங்கள் சொன்ன நேரத்துக்கு ஒருநாளும் குடிக்க வராத ஆள் என்று எங்கள் வீட்டிலும் எத்தனை தரம் சொல்லிச் சிரித்திருப்பா.

உங்கள் கார்டும் என்னிடம்தான் இருக்கிறது, கொண்டுவருகிறேன். மிளகாய்ப் படம் பதினொன்றும் அப்படியே இருக்கிறது. அந்த வெயிலுக்கு ஒன்றிலாவது சிவப்பு வெடிக்கவில்லை. அவற்றில் நான் கை வைக்கவும் ஒன்றும் இல்லை.

வியாழன் காலமை ஐயர் வர முதல் வருவேன். உள்ளே கூப்பிடாவிட்டால் விறாந்தைக் கதிரையில் படத்தை வைத்துவிட்டுப் போய்விடுகிறேன். எட்டு மணிக்கு அந்தக் கதிரைக்கு நேர் வெயில் வந்துவிடும், மாமா. அதற்கு முதல் எடுத்து உள்ளே வையுங்கள்.

தம்பி