இருளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பாயில் அமர்ந்திருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும், கடைசி வரிசையில் செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

காட்டு உயிர்களை நம் முன்னோர் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதும் வேலையை இந்த ஆண்டு தொடங்கினோம். நோட்டில் அதிக இடம் பிடித்தது எலிதான். அறுவடை முடிந்த வயலில் வளையின் மற்ற வாய்களை மண்ணால் அடைத்துவிட்டு, ஒரு வாயில் மட்டும் ஓட்டைப் பானையை வைத்து, வைக்கோல் புகையை ஊத வேண்டும். எலி மயங்கியதும் தோண்ட வேண்டும். எலி சுடுவதற்கு, அது உள்ளே சேர்த்து வைத்த நெல் உலைக்கு. வயல்காரர் கூலி கொடுத்தாரா என்று கேட்டேன். பாட்டி சிரித்தார். அந்தச் சிரிப்பையும் எழுதி வைத்திருக்கிறேன்.

மழைக்கு வரும் ஈசலைப் புற்றருகே விளக்கு வைத்துப் பிடித்து, வறுத்துத் தின்றார்கள். உடும்பின் கறி வீட்டுக்கு, தோல் கஞ்சிராவுக்கு. இன்று உடும்பு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கைவைத்தால் சிறைதான். இளைஞர்கள் கவனிக்கவும், ஜாமீனுக்கு அலைய என்னால் முடியாது.

பாம்பின் கதை வேறு. தோலுக்காகப் பிடித்து விற்ற பிழைப்பை 1972ஆம் ஆண்டின் அதே சட்டமும் அதன்பின் வந்த ஏற்றுமதித் தடையும் முடித்துவைத்தன. 1978இல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில் நம்மவர்களுக்கென பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, மூன்று வாரம் பானையில் வைத்து, நான்கு முறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு விட்டுவிடுகிறார்கள். விஷமுறிவு மருந்து அதிலிருந்துதான் வருகிறது. நம் இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் புளோரிடா வரை போய் மலைப்பாம்பு பிடித்தார்கள். 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். நமக்கோ சாதிச் சான்றிதழ் மனுக்கள் இன்னும் மேசையிலேயே கிடக்கின்றன.

பிள்ளைகளை வயலுக்கு அழைத்துப் போன நாள் தோல்விதான். எலி வளை எது, பாம்பு தங்கிய வளை எது என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. குற்றம் அவர்களுடையதல்ல, நாம் கூட்டிப் போனதே இப்போதுதான்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நோட்டு என் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. விடுபட்டதைச் சொல்ல வேண்டியவர்கள் மாசி மகத்துக்கு முன்பே வந்து சொல்லிவிடுங்கள். மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்க் கன்னியம்மனைக் கும்பிடுகிற நேரத்தில் நான் பேனா எடுக்க மாட்டேன்.