ஹிர்ஷ்ஸ்பிரங் குழந்தைக்கு வரும் பேதி

ஆசிரியருக்கு,

குழந்தைகளின் மலச்சிக்கல் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் தண்ணீர், நார்ச்சத்து என்பதோடு முடிந்துவிடுகின்றன. பிறந்தது முதலே மலம் சரியாகப் போகாத குழந்தைக்கு இவை உதவாது.

நிறைமாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை 24 மணி நேரத்துக்குள் கரும்பச்சை நிற முதல் மலத்தைக் கழித்துவிடும். 48 மணி நேரமாகியும் போகவில்லை, வயிறு உப்புகிறது, பச்சையாக வாந்தி எடுக்கிறது என்றால் ஹிர்ஷ்ஸ்பிரங் நோயா என்று பார்த்தே ஆக வேண்டும். ஏறக்குறைய 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருவது இது. மலக்குடலிலிருந்து மேல்நோக்கி ஒரு பகுதியில் குடலை இயக்கும் நரம்பணுக்களே இருக்காது. அந்தப் பகுதி இறுகிக் கிடக்க, அதற்கு மேலே குடல் வீங்கும். மலக்குடல் திசுவில் துளி எடுத்துச் சோதித்தால்தான் உறுதியாகும்.

நரம்பணு இல்லாத பகுதியை அறுவை சிகிச்சையில் நீக்குகிறார்கள். அதோடு ஆபத்து தீர்ந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. முன்னும் பின்னும் குடல் அழற்சி வரலாம். இந்த நோயில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் அதுதான். காய்ச்சல், கல்போல் உப்பிய வயிறு, சோர்வு, பீய்ச்சியடிக்கும் கடும் நாற்றமுள்ள பேதி. பார்ப்பவர்கள் சாதாரண வயிற்றுப்போக்கு என்று நினைத்து உப்பு சர்க்கரைக் கரைசலோடு அனுப்பிவிடுகிறார்கள். பேதியை நிறுத்தும் மருந்து கொடுத்தால் இன்னும் மோசம், தேங்கிய மலமும் கிருமியும் உள்ளேயே அடைபடும்.

தேவைப்படுவது டிரிப்ஸ், ஆன்டிபயாடிக், குடல் கழுவுதல். மென்மையான குழாயில் ஜெல் தடவி ஆசனவாய் வழியே மெல்லச் செலுத்தி, வெதுவெதுப்பான நார்மல் சலைனை (மருத்துவ உப்பு நீர்) குழந்தையின் எடையில் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி வரை விட்டு, அது முழுக்க வெளியே வந்த பிறகே அடுத்த முறை விட வேண்டும். விட்டது திரும்பவில்லையென்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வெறும் தண்ணீர் கூடவே கூடாது: குடல் அதை உறிஞ்சி, இரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வரலாம். அறுவை முடிந்த புதிதில் தையல் ஆறியிருக்காது என்பதால், அறுவை மருத்துவர் சொல்லாமல் யாரும் குழாய் செலுத்தக் கூடாது.

இதைவிட அரிதான போலிக் குடலடைப்பில் அடைப்பே இல்லாமல் குடலின் அசைவு குன்றிப்போகும். அடைப்பு என்று நினைத்து வயிற்றைத் திரும்பத் திரும்பத் திறந்தால் குடல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் ஒட்டல்கள்தான் மிஞ்சும்.

மருத்துவமனைகளுக்கு ஒரு வேண்டுகோள். டிஸ்சார்ஜ் தாளின் முதல் வரியிலேயே, "ஹிர்ஷ்ஸ்பிரங் குழந்தை; காய்ச்சலோடு வயிறு உப்பினாலோ பேதியானாலோ உடனே குடல் அழற்சி சிகிச்சை" என்று எழுதிக் கொடுங்கள். நள்ளிரவில் குழந்தையைப் பார்க்கும் மருத்துவர் அந்த நோயை அதுவரை கண்டிருக்க மாட்டார்.

– குழந்தை அறுவை சிகிச்சைப் பிரிவு மருத்துவர்கள், செவிலியர்கள்