மாடியில் பாடியவர்களின் மகள்களுக்கும் பேத்திகளுக்கும்

கொச்சியிலிருந்து இஸ்ரேலுக்குப் போய், நெவாத்தீம் முதலான ஊர்களில் தொழுகைக்கும் பாட்டுக்கும் கூடும் யூதக் குடும்பத்துப் பெண்களுக்கு,

வணக்கம். நான் கோவையில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். எனக்கு எபிரேயம் தெரியாது. மலையாளம் காதில் விழுந்தால் முக்கால்வாசி புரியும். இந்த மடலைத் தமிழிலேயே எழுதுகிறேன். உங்களில் மூத்தவர்களுக்கு யாராவது மெதுவாக வாசித்துக் காட்டினால் அவர்களுக்கும் பாதியாவது புரியும் என்று நினைக்கிறேன். புரிந்தால், நான் கேட்க வந்ததற்கு அதுவே நல்ல ஆதாரம்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பாட்டிமார் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்த மலையாளப் பாட்டுகளைப் பாடுவதோடு நிறுத்தாதீர்கள். அவற்றை ஒரு வகுப்பாக வைத்துப் படியுங்கள். சொல் சொல்லாக, மலையாள எழுத்தோடு, பேத்திகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படியுங்கள்.

போன வருடம் கேரளத்து வடக்கன் பரவூரில் உங்கள் பழைய பள்ளிக்கு, அதாவது நீங்கள் தொழும் கோயிலுக்கு, போயிருந்தேன். பெண்களுக்கான மாடிப்படி ஏறி, மரக் கிராதிக்குப் பின்னால் நின்றேன். கீழே ஆண்கள் உட்காரும் கூடம், நடுவில் தோரா என்ற வேதத்தை வாசிக்கும் மேடை. இது பல ஊர் யூதக் கோயில்களிலும் இருப்பதுதான். ஆனால் கிராதிக்கு அந்தப் பக்கம், மாடியிலேயே, இன்னொரு மேடை இருந்தது. கேரளத்துப் பள்ளிகளுக்கே உரிய அமைப்பு இது. ஓய்வுநாளிலும் பண்டிகை நாட்களிலும் தோராச் சுருளை மேலே கொண்டுவந்து அங்கேதான் வாசிப்பார்கள். வாசித்தவர்கள் ஆண்கள்தான், கிராதியும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் வேதம் வாசிக்கும் குரல் பெண்களுக்குக் கை எட்டும் தூரத்தில் கேட்டது. கிராதியில் விரலை வைத்தபடி ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். சில பள்ளிகளில் குழந்தைகள் படிக்கும் அறையும் இதே மாடியில்தான் இருந்தது. அப்படியென்றால் பாட்டு, பாடம், தொழுகை மூன்றும் ஒரே தளத்தில் நடந்திருக்கின்றன.

யூதப் பெண்களின் கல்வியைப் பற்றிப் படித்தால் இரண்டு ஊர்கள் தவறாமல் வரும். ஒன்று போலந்தின் கிராக்கோவ். தையல் வேலை செய்த சாரா ஷெனிரர் என்ற பெண் 1917இல் அங்கே சிறுமிகளைக் கூட்டிப் பாடம் தொடங்கினார், அதுவே பெரிய பள்ளிகளாக வளர்ந்தது. இன்னொன்று நியூயார்க். 1922 மார்ச்சில் ஜூடித் கப்லான் என்ற சிறுமி சபை முன் நின்று வேதப் பகுதியை வாசித்தாள். சுருளிலிருந்து அல்ல, அச்சிட்ட புத்தகத்திலிருந்து. மேடையிலிருந்தும் சற்றுத் தள்ளி நின்றுதான். இரண்டும் பெரிய காரியங்கள், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் வீட்டுப் பெண்கள் அதற்கும் முந்தைய தலைமுறைகளிலிருந்தே விவிலியக் கதைகளைத் தங்கள் தாய்மொழியில் பாட்டாக்கிப் பாடி வந்தவர்கள். பெண்ணின் பாட்டை ஆண் கேட்கக் கூடாது என்று பல வைதிக யூதச் சமூகங்களில் விதி உண்டு. கொச்சியில் கல்யாணத்திலும் பண்டிகையிலும் ஆண்கள் உட்கார்ந்து கேட்கவே பெண்கள் பாடினார்கள். பெண் கல்வி வரலாற்றில் இந்த மாடிக்கும் ஒரு பக்கம் வேண்டும். அதை வெளியாட்கள் எழுதுவதைவிட நீங்கள் எழுதுவதே முறை.

ரூபி டேனியல் அம்மாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1912இல் மட்டாஞ்சேரியில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியக் கடற்படையின் பெண்கள் பிரிவில் வேலை பார்த்தவர். 1951இல் இஸ்ரேல் போய் கிப்புட்ஸ் என்ற கூட்டுவாழ்வுக் குடியிருப்பில் வாழ்ந்தவர். வயதான காலத்தில் உட்கார்ந்து, இந்தப் பாட்டுகளை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்தார். ஒரு தனி மனுஷி செய்த வேலை அது. அவர் 2002இல் காலமானார். நோட்டில் ஒரு சொல் புரியாவிட்டால் போய்க் கேட்க அவரைப் போன்றவர்கள் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள்? இஸ்ரேலில் பிறந்த பேத்திகளில் பலருக்கு மலையாள எழுத்து தெரியாது. ராகம் நாக்கில் தங்கிவிடும், பொருள்தான் முதலில் போகும். என் பாட்டியின் தாலாட்டில் எனக்கே அப்படிச் சில சொற்கள் போய்விட்டன. ராகத்தை இன்றும் முனகுவேன், என்ன பாடினாள் என்று சொல்ல முடியாது. அந்த வலியோடுதான் இதை எழுதுகிறேன்.

சரி, தமிழ்க்காரிக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் பாட்டுகளை ஸ்கரியா சக்கரியாவும் ஓஃபிரா கம்லியேலும் தொகுத்தார்கள், ஜெருசலேமின் பென் ஸ்வி நிறுவனம் வெளியிட்டது. அந்தத் தொகுப்பின் பெயர் ‘கார்குழலி’. மேகம் போல் கறுத்த கூந்தல்காரி. என் வகுப்பில் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் அகராதி இல்லாமல் புரியும். உங்கள் பாட்டுகளில் கிளிக்கு வரும் பெயர் தத்த, எங்கள் பழைய நூல்களில் தத்தை. தொழும் இடத்தை நீங்கள் ‘பள்ளி’ என்றீர்கள். நாங்கள் பிள்ளைகள் படிக்கும் இடத்தைப் பள்ளி என்கிறோம்.

இன்னும் பின்னால் போகலாம். சுமார் 1000ஆம் ஆண்டில் சேர மன்னன் பாஸ்கர ரவி உங்கள் முன்னோர் இஸ்ஸுப்பு இரப்பானுக்குக் கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. அதன் மொழி எங்களுக்கும் மலையாளிகளுக்கும் பொதுவானது. பகல் விளக்கும் நடக்க விரிக்கும் பாவாடைத் துணியும் குடையும் தோரணமும் கொடுத்தோம் என்று அதில் வருவதைப் படித்தால் எனக்குக் கல்வெட்டு போலவே தெரிவதில்லை, ஊர்த் திருவிழா போலத் தெரிகிறது. அந்த உரிமைகள் யாருக்குப் போகும் என்று சொல்லும்போது ஆண்மக்களோடு பெண்மக்களையும் எழுதி வைத்திருக்கிறார்கள். உங்களைத்தான், அம்மா. ஆயிரம் வருடத்துக்கு முன்பே செம்பில் வெட்டியிருக்கிறார்கள்.

வகுப்பை எப்படி நடத்துவது என்பது உங்களுக்கே தெரியும். உலகம் முழுக்க யூதப் பெண்கள் மாதப் பிறப்பான ரோஷ் ஹோதேஷ் நாளில் கூடிப் படிப்பது இப்போது பரவலாகிவிட்டது. அந்த நாளே போதும். ஒரு கூட்டத்துக்கு ஒரு பாட்டு, அவ்வளவுதான். நோட்டின் பக்கத்தைப் படம் எடுத்துத் திரையில் போடுங்கள். மூத்தவர் ஒருவர் பாடட்டும், பேத்தி எழுத்துக்கூட்டி வாசிக்கட்டும். வாசிக்கும்போது தடுக்கும் சொல்லைத் தனியாகக் குறித்து வையுங்கள். அப்புறம், பாட்டிகள் சொல்லும் பொருளையும், அந்தப் பாட்டை யார் கல்யாணத்தில் பாடினார்கள் என்பதையும் ஒலிப்பதிவு செய்துவிடுங்கள். நோட்டில் அது இருக்காது.

குறித்து வைத்த சொற்களை எங்களுக்கு அனுப்புங்கள். என்னோடு தமிழாசிரியைகள் இரண்டு பேர் தயாராக இருக்கிறார்கள், மலையாளம் சொல்லிக்கொடுக்கும் தோழி ஒருத்தியும் சேர்ந்திருக்கிறாள். இந்த மடலை மலையாளத்தில் பெயர்த்துக் கொடுப்பதும் அவள்தான். உங்கள் ஓய்வுநாள் முடிந்து மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாலை எங்களுக்கும் தோதான நேரம். முதல் வகுப்புக்கு ‘கார்குழலி’ என்ற சொல் வருகிற பாட்டையே எடுத்துக்கொள்ளலாமா? அந்த ஒரு சொல்லையாவது உங்கள் பேத்திகளோடு சேர்ந்து நானும் வாய்விட்டு வாசிக்க ஆசைப்படுகிறேன்.

அன்புடன்,
கோவையிலிருந்து ஒரு தமிழாசிரியை